மலைமேல் ஒரு விமானத்தை இறக்கினோம்

நீள டிரெய்லர் ஓட்டப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, நான் மலைமேல் விமானம் இறக்கியவன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எழுதும்போது எனக்கே வருகிறது. நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான்கு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். முதுகெலும்பு தேய்ந்துவிட்டதென்று டாக்டர் ஸ்டியரிங்கிலிருந்து என்னை இறக்கிவிட்ட பிறகு, பட்டறையில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுவதுதான் எனக்குத் தோதான வேலை.

காற்றாலை இறக்கை, கரும்பாலை பாய்லர், டிரான்ஸ்பார்மர் என்று எதையெதையோ ஏற்றியிருக்கிறேன். அவை எல்லாம் சும்மா படுத்துக்கொண்டு வரும். விமானம் அப்படியில்லை. அதற்கு மூக்கு இருக்கிறது, கண்ணாடியில் இரண்டு கண் இருக்கிறது. கேபினுக்குப் பின்னால் தலையை நீட்டிக்கொண்டு, நான் எப்படி ஓட்டுகிறேன் என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டே வந்தது.

அதை வாங்கியவர் நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர். அவருடைய தங்கை விமானம் ஓட்டும் கேப்டன். அந்த அம்மா பல வருடம் ஓட்டிய சின்னப் பயணிகள் விமானம் பழசாகிவிட்டதென்று ஒரு விமான நிலையத்தின் மூலையில் தள்ளி வைத்துவிட்டார்கள். உடைத்துப் பழைய இரும்புக்குப் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அந்த அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அண்ணன் போய் வாங்கிவிட்டார். சேர்வராயன் மலையின் பின்பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அங்கே கொண்டுபோய் வைத்தால் விமானத்தில் ஏறாத சனங்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம், தங்கையும் நினைத்தபோது வந்து பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. இறக்கையையும் வாலையும் கழற்றியாகிவிட்டது. மீதி உடம்பு முழுசாக மேலே போக வேண்டும். அது என் வேலை.

அனுமதி கொடுத்த அதிகாரிகள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். மலைச்சாலை அன்றைக்குச் சூரியன் மறையும் வரைதான் எங்களுக்கு. அதற்குள் விமானம் சாலையை விட்டு விலகவில்லை என்றால் அங்கேயே துண்டு துண்டாக வெட்டி அகற்ற வேண்டும். அதற்காக ஒரு கேஸ் கட்டர்காரரும் சிலிண்டரோடு மினி லாரியில் பின்னாலேயே வந்தார். நல்ல மனிதர், எப்போதும் சிரித்த முகம். வெட்டினால்தான் அவருக்குக் கூலி. நான் எங்கே நிறுத்தினாலும் இறங்கி வந்து விமானத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்பார்:

"வெட்டிரலாமுங்களா?"

மோகனூர்ப் பக்கம் கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கி நின்றபோது கேட்டார். நாமக்கல்லில் டீ குடிக்க நின்றபோது கேட்டார். டீயை வெட்டலாமா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று என் மாப்பிள்ளை சொன்னான்.

மாப்பிள்ளை என்பது என் மனைவியின் தம்பி. என் வண்டியில் பின்னால் நின்று வழி சொல்பவன். அவன் குரலைத் தவிர வேறு எந்தக் குரலையும் நான் கேட்பதில்லை. நம் தொழிலில் அதுதான் சட்டம். நாலு பேர் நாலு பக்கம் கத்துவார்கள், நம் ஆள் குரல் ஒன்றுதான் வேதம். நீங்களும் அப்படித்தான் கற்றுக்கொண்டிருப்பீர்கள். அந்தச் சட்டத்தில் பாதி தப்பு என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ராசிபுரத்தில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பைலட் யாருய்யா?"

முன்னால் சிவப்புக் கொடி கட்டிப் போகும் ஜீப்பை நம் தொழிலில் பைலட் என்போம், தெரியும்தானே. ஜீப்காரர் இறங்கி, "நாந்தானுங்க" என்றார். அதே நேரம் என் கேபினிலிருந்து கேப்டன் அம்மா இறங்கி, "நான்தான் சார்" என்றார். போலீஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு வண்டிக்கு எதுக்குய்யா ரெண்டு பைலட்டு?"

"ஒருத்தர் வண்டிக்குங்க, இன்னொருத்தர் வண்டி மேல இருக்கறதுக்குங்க" என்றான் மாப்பிள்ளை. கடைவீதியே சிரித்தது. நான் ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

கேப்டன் அம்மா என் பக்கத்து சீட்டில் வந்தார். ஒரு பெரிய அதிகாரி மாதிரி இருக்கும் பெண்ணிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் மலையடிவாரம் வரை நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அங்கே முதல் வளைவு வந்ததும் அவர் சீட்டு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏனுங்க மேடம், தலை சுத்துதுங்களா?"

"பயமா இருக்குங்கண்ணா."

"நீங்க மலையில ஏரோப்ளேனே எறக்குனவங்கன்னு சொன்னாங்க."

"அங்க இப்படிப் பக்கத்துல மரம் வராதுங்க."

அதற்குப் பிறகு எனக்கு வாய் திறந்துகொண்டது. மலையில் எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டேன். கண்ணை மூடியபடியே சொன்னார். மலையின் தலையைச் சீவிவிட்டு அதில் ஓடுபாதை போட்டிருப்பார்களாம். மேலிருந்து பார்த்தால் சாப்பாட்டு மேசை மாதிரி தெரியுமாம். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். கொஞ்சம் முன்னால் தொட்டால் பாறை, கொஞ்சம் தள்ளித் தொட்டால் பள்ளம். "தொடறதுக்கு முன்னாடி வரைக்கும் வேண்டாம்னு சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை யாரும் பிடுங்க முடியாது. அதுனாலதான் உயிரோட இருக்கோம்" என்றார். கேட்கும்போது அழகாக இருந்தது. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி மலை ஏறியதும் திரும்பவே முடியாத வளைவுகள் வந்தன. அவ்வளவு நீளத்தை வைத்துக்கொண்டு அங்கே வளைக்க முடியாது. வளைவைத் தாண்டி ஒரு காப்பித் தோட்டத்து வாசலில் வண்டியின் மூக்கை நுழைத்துவிட்டு, அடுத்த ஏற்றத்தை ரிவர்ஸிலேயே ஏற வேண்டும். அதற்கு மேலே இருக்கும் வளைவின் ஓரத்தில் பின்பக்கத்தை நிறுத்தினால், அங்கிருந்து மறுபடி முன்னால் போகலாம். ஒரு ஏற்றம் முகம் காட்டி, ஒரு ஏற்றம் முதுகு காட்டி. விமானம் வெட்கப்பட்டுக்கொண்டு மலையேறுவது மாதிரி இருந்தது.

முதல் ரிவர்ஸ் ஏற்றம். கண்ணாடியில் விமானத்தின் வெள்ளை வயிற்றைத் தவிர எதுவும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் குரல் மட்டும் மேலிருந்து வந்துகொண்டிருந்தது. "வாங்க மாமா... வாங்க... வாங்க..." நம் பக்கத்தில் மாமனை வா என்று சொல்ல முடியுமா? மரியாதையோடுதான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும்.

மேல் வளைவு நெருங்கியது. அங்கே பள்ளத்தின் ஓரத்தில் பண்ணைக்காரர் நின்றிருந்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்லவில்லையே. மனிதர்களைக் கண்டால் வரவேற்காமல் இருக்க அவரால் முடியாது. அபராதம் எழுத வந்த அதிகாரியைக்கூட வாங்க வாங்க என்று அழைத்துப் போய் முட்டை தோசை கொடுத்தவர். அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு காரில் அவருடைய ஒறம்பரை வந்து இறங்கினார்கள். விமானத்துக்கு ஆரத்தி எடுக்க வந்த சொந்தக்காரர்கள். முதலில் இறங்கியவர் அவருடைய தாய்மாமன்.

மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு, சக்கரத்துக்கு வைக்கக் கட்டை எடுக்கக் குனிந்திருந்தான். அவன் குரல் நின்றால், நின்றுகொள் என்று அர்த்தம். என்ஜின் இரைச்சலில் எனக்குக் கேட்டதோ இதுதான்:

"வாங்க மாமா, வாங்க, வாங்க, நெம்ப நேரமா எதிர்பாத்துட்டு இருக்கறனுங்க, வாங்க வாங்க."

நான் போனேன்.

"நிறுத்துங்க" என்றார் கேப்டன் அம்மா. பக்கத்து சீட்டுக்காரர் சொல்வதைக் கேட்பது நம் சட்டத்தில் இல்லை. வேதம் வாங்க என்கிறது. இன்னும் கொஞ்சம் போனேன்.

"அது எங்கண்ணன் குரலுங்க" என்று அலறினார்.

பிரேக்கை மிதித்தேன். பின்னால் தடுப்புச்சுவர் கல்லெல்லாம் பொலபொலவென்று பள்ளத்தில் உருளும் சத்தம் கேட்டது.

இறங்கிப் பார்த்தேன். விமானத்தின் பின்பக்கம் பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றில் நின்றது. கடைசிச் சக்கரம் சாலையின் விளிம்பில். விளிம்பு மண் உதிர்ந்துகொண்டிருந்தது. முன்னால் எடுக்கலாம்தான். ஆனால் வளைவின் ஓரம் பள்ளத்துப் பக்கம் சரிந்திருந்தது; அப்படி நிற்கும் கனவண்டியை எடுக்கும்போது முதலில் ஒரு கையளவு பின்னால் சரியும். அந்தக் கையளவுக்கு அங்கே இடம் இல்லை.

தாய்மாமன் என்னிடம் வந்து, "என்னையத்தான கூப்புட்டாரு, நீங்க எதுக்குத் தம்பி வந்தீங்க?" என்று கேட்டார்.

கட்டர்காரர் தயாராக வந்தார். "பின்னால தொங்கறத வெட்டிட்டா வண்டி லேசாயிருமுங்க."

பண்ணைக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "என்ற வாயாலயே கெடுத்துட்டனே" என்றார். வெட்டச் சொல்லிவிடுவார் போலிருந்தது. கேப்டன் அம்மா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நேரம் பார்க்க அடிவாரத்திலிருந்து கூட வந்த காவலர் மேற்கே பார்த்தார். சூரியன் மரங்களுக்குச் சற்று மேலே இருந்தது.

நல்லவேளையாக எங்களால் வழியில்லாமல் நின்ற பஸ்ஸிலிருந்து சனங்கள் இறங்கி வந்தார்கள். எங்களைத் திட்ட வந்தவர்கள். காற்றில் தொங்கும் விமானத்தைப் பார்த்ததும் திட்ட மறந்துவிட்டார்கள். உருண்டது போக மீதிக் கல்லை எல்லாம் எடுத்து, சக்கரங்களுக்குப் பின்னால் ஒன்று விடாமல் அண்டை கொடுத்தார்கள். நான் ஏறி உட்கார்ந்து, கிளட்சை, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் விடுவது மாதிரி மெல்ல விட்டேன். கல் நெரிந்தது, தாங்கியது. வண்டி முன்னால் நகர்ந்தது.

அதற்கு மேலும் ரிவர்ஸ் ஏற்றங்கள் இருந்தன. கேப்டன் அம்மா எல்லோரையும் கூப்பிட்டார்.

"இனிமே வாங்கங்கற வார்த்தை வேண்டாம். இந்த மலையில யாருமே தவறிக்கூடச் சொல்லாத ஒரு வார்த்தை வேணும்."

"ரைட்டுன்னு சொல்லட்டுங்களா?" என்றான் மாப்பிள்ளை.

"அது என்ற வார்த்தை" என்றார் பஸ் கண்டக்டர்.

"முட்டை?"

"அத நான் நாளெல்லாம் சொல்றேன்" என்றார் பண்ணைக்காரர். இனி வாயைத் திறக்க அவருக்கே பயமாக இருந்தது.

யாரோ தயிர் என்றார்கள். அந்த மலையோரத்தில் யாரும் யாரையும் பார்த்துத் தயிர் என்று கத்தப்போவதில்லை. முடிவாயிற்று. அடுத்தது அந்த அம்மா சொன்னதுதான், நீங்கள் மனதில் எழுதிக்கொள்ள வேண்டியது.

"தயிர்னு சொல்ல ஒருத்தருக்குத்தான் உரிமை. நில்லுன்னு சொல்ல இங்க இருக்கற எல்லாருக்கும் உரிமை. யார் சொன்னாலும் அண்ணா நிறுத்துவார். நிறுத்துவீங்கதானே?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. தலையை ஆட்டினேன்.

"தயிரு மாமா... தயிரு... தயிரூ..." என்று மாப்பிள்ளை கூவ, நான் மலை ஏறினேன். பஸ் சனங்கள் இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே நடந்து வந்தார்கள். திடீரென்று ஒருவர், "நில்லுங்க, நில்லுங்க" என்று கத்தினார். மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது.

அவருடைய செருப்பு சக்கரத்துக்குப் பின்னால் கிடந்தது. கூட நடந்து வந்த அவசரத்தில் கழன்றதாம். "புதுசுங்க, கல்யாணத்துக்குன்னு வாங்கினதுங்க."

சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி எடுக்க எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். யாரையும் திட்டிப் பழகாத எனக்கே வாய் வரை வந்துவிட்டது. கேப்டன் அம்மா என் தோளைத் தொட்டார்.

"திட்டாதீங்கண்ணா. இப்ப இவரைத் திட்டினீங்கன்னா, அடுத்து நிசமாவே குழி இருந்தாலும் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க."

இறங்கிப் போய்ச் செருப்பை எடுத்து அவர் கையில் கொடுத்து, "சரியாச் சொன்னீங்க, ரொம்ப நன்றிங்க" என்றார். அந்த ஆள் கூச்சத்தில் நெளிந்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் சொன்னார். ஒருமுறை மலை விமான நிலையத்தில் இறங்கப்போகும் நேரத்தில், பக்கத்தில் இருந்த புதுப் பையன் வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னானாம். காரணம்கூடச் சொல்லவில்லை. உடனே மேலே ஏற்றிவிட்டார். பிறகு பார்த்தால் ஒன்றுமே இல்லை, தாராளமாக இறங்கியிருக்கலாம். பயணிகள் முணுமுணுத்தார்கள். இறங்கிய பிறகு எல்லோர் முன்னாலும் அந்தப் பையனுக்குக் கைகொடுத்தாராம். "இல்லாத ஆபத்துக்கு நின்னா கொஞ்ச நேரம்தான் போகும்" என்றார்.

நிலத்துக்கு வந்து சேர்ந்தபோது சூரியன் மலை விளிம்பைத் தொட்டுவிட்டது. சாலையிலிருந்து ரிவர்ஸில் இறங்கி உள்ளே போக வேண்டும். நீளம் குறைந்த இடம். ஒரு பக்கம் பாறை, கடைசியில் பள்ளம். அந்த அம்மா சொன்ன சாப்பாட்டு மேசை அதுதான். கிரேன் ஓரமாகக் காத்திருந்தது.

"தயிரு... தயிரு..."

பின்சக்கரங்கள் சாலையை விட்டு இறங்கின. என் கேபின் இன்னும் சாலையில் இருந்தது. பாதிச் சூரியன்தான் மிச்சம். காவலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, நேராகச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நில்லுங்க!"

எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். வழியெல்லாம் வெட்டிரலாமுங்களா என்று கேட்டு வந்த குரல்.

தம்பிகளே, இங்கேதான் நான் ஒரு நொடி செத்துப் பிழைத்தேன். இப்போது நின்றால் சூரியன் போய்விடும். சூரியன் போனால் வெட்டலாம். வெட்டினால் அவருக்குக் கூலி. மாப்பிள்ளையோ மறுபக்கத்தில் இன்னும் தயிரு தயிரு என்று கூவிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். கேப்டன் அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடவில்லை. அவருடைய விமானம்தான், ஆனால் பிரேக் என் காலடியில் இருந்தது.

மிதித்தேன்.

இறங்கி ஓடிப் பார்த்தால், கடைசிச் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் தகரம் ஒன்று மண் மூடிக் கிடந்தது. மிதித்தபோது காலுக்கடியில் வெற்றுச் சத்தம் கேட்டதென்று கட்டர்காரர் அதைக் காலால் விலக்கினார். கீழே செப்டிக் டேங்குக்குத் தோண்டிய குழி. சக்கரம் அதில் இறங்கியிருந்தால் டிரெய்லர் சாய்ந்திருக்கும். விமானம் பள்ளத்துக்குப் போயிருக்கும், நானும் அந்த அம்மாவும் கூடவே போயிருப்போம்.

"தகரம் போட்டது எனக்கே மறந்துபோச்சுங்க" என்றார் பண்ணைக்காரர்.

கிரேனோடு வந்த கனத்த இரும்புத் தகடுகளை இழுத்துக் குழிமேல் போட்டு மண் தள்ளினோம். அதற்குள் சூரியன் போய்விட்டது. எல்லோரும் காவலரைப் பார்த்தோம். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எனக்கு இன்னும் வெளிச்சம் தெரியுது. உங்களுக்குத் தெரியலயா?" என்றார். தெரியுது தெரியுது என்று பஸ் சனங்கள் அத்தனை பேரும் சொன்னார்கள்.

வண்டி முழுசாக உள்ளே போய் நின்ற பிறகு கட்டர்காரரிடம் போனேன். அவரைச் சந்தேகப்பட்டதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "உங்க கூலி போச்சுங்களே" என்று மட்டும் சொன்னேன்.

"வெட்டக் கூப்புட்டா வெட்டுவேனுங்க. விழுகட்டும்னு பாத்துட்டு நிக்க மாட்டேனுங்க" என்றார். பிறகு, "அந்தச் செருப்புக்காரரையே திட்டலை, நம்மளயா திட்டப் போறாங்கன்னு ஒரு தைரியத்துலதான் கத்துனனுங்க" என்றார்.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். சொல்பவர் யார், அவருக்கு இதில் என்ன லாபம் என்று நாம் யோசிக்கும் நேரத்தில் வண்டி ஒரு முழம் போய்விடும். அதனால் வா என்று உங்கள் ஆள் சொன்னால் மட்டும் கேளுங்கள். நில் என்று யார் சொன்னாலும் கேளுங்கள். நின்ற பிறகு யோசியுங்கள். ஒன்றுமில்லாததற்கு நிறுத்தினவரைத் திட்டாதீர்கள், முடிந்தால் நன்றி சொல்லுங்கள்.

கிரேன் விமானத்தைத் தூக்கி, சுற்றி, மெதுவாகத் தரையில் வைத்தது. கேப்டன் அம்மா ஏணி போட்டு ஏறி, மூக்குப் பக்கம் தன் பழைய சீட்டில் போய் உட்கார்ந்தார். பிறகு பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார்.

"எறங்கியாச்சு" என்றார்.

சனங்கள் கைதட்டினார்கள். கட்டர்காரர் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார். அந்த அம்மாவும் ஜன்னலிலிருந்து கையை வெளியே நீட்டி, என் பக்கம் பார்த்துத் தட்டினார். எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பிறகு நானும் சேர்ந்து தட்டினேன்.